பீடோரிலிருந்து தித்திவங்சா மலைத்தொடரை இரண்டு முறை கடக்க: சைக்கிளும் சாமான்களும் தயாரா?

செம்பனைக்காடு:
எல்லாருக்கும் வணக்கம். மலேசியாவில் பேராக் மாநிலத்துப் பீடோர் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து மூன்று பேர் ஒரு சுற்றுப்பயணம் திட்டம் போட்டிருக்கோம். பாதை: பீடோர், தாப்பா, ரிங்லெட், தானா ராத்தா, கம்போங் ராஜா, லோஜிங், குவா மூசாங், தாபோங், ஜெலி, பிறகு கிழக்கு-மேற்கு நெடுஞ்சாலையில் கெரிக், கோலகங்சார், ஈப்போ வழியாகத் திரும்பவும் பீடோர். மலையை ஒரு தடவை கிழக்கே கடந்து, வேறு வழியில் மேற்கே கடந்து வரணும்.

கையில் இருக்கும் சைக்கிள்கள்:
அ) எஃகு ஹைபிரிட். முன்னால் 48/38/28, பின்னால் 8 தட்டு 11-32 (எல்லாம் பல் எண்ணிக்கை). வீ-பிரேக் (ரிம்மை, அதாவது சக்கர விளிம்பைப் பிடிக்கும் ரிம் பிரேக் வகை), 32 கம்பிச் சக்கரம், 700x38 டயர்.
ஆ) அலுமினிய ரோட் பைக். முன்னால் 50/34, பின்னால் 10 தட்டு 11-28. ரிம் பிரேக், 700x28 டயர். கேரியர் மாட்டத் துளை இல்லை.
இ) 29 இஞ்ச் மௌண்டன் பைக். முன்னால் 36/22, பின்னால் 11-36. ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக்.

புது சைக்கிள் வாங்க வசதி இல்லை. இதையே வைத்துப் போக முடியுமா? எதை மாற்றணும், எதை விட்டுவிடலாம்? எந்த மாதம் நல்லது?

பட்டறைக்காரன் தாப்பா:
தம்பி, மூன்றையும் கொண்டு போகலாம். புது சைக்கிள் தேவையே இல்லை. ஆனால் ‘ஆ’ இப்போ இருக்கிற நிலையில் ஏறவே கூடாது. ஏன்னு கணக்கோடு சொல்றேன்.

ஆளும் சைக்கிளும் பையும் சேர்த்து 100 கிலோ, சாலை 8 விழுக்காடு ஏற்றம்னு வைத்துக்கொள்வோம். முழங்காலைக் கெடுக்காமல் மிதிக்கணும்னா நிமிடத்துக்கு 60 சுற்றாவது பெடல் சுற்றணும். ‘ஆ’வில் ஆகச் சின்ன கியர் 34க்கு 28, அதாவது 1.21. அந்தக் கியரில் 60 சுற்று மிதித்தால் மணிக்கு 9.3 கி.மீ. வேகம் வரும். அந்த வேகத்தில் 8 விழுக்காடு ஏற ஏறக்குறைய 220 வாட் வேணும். பந்தயத்துக்குப் பழகியவர் அதைத் தாங்குவார். மற்றவங்க கால் மணி நேரத்தில் இறங்கித் தள்ள ஆரம்பிப்பாங்க. இல்லன்னா நிமிடத்துக்கு 40 சுற்றுக்கு விழுந்து, முழு பாரத்தையும் முழங்கால் மூட்டில் இறக்குவாங்க.

அதே ஏற்றத்துக்கு ‘அ’ சைக்கிளில் 28க்கு 32, அதாவது 0.875. 60 சுற்றில் மணிக்கு 6.9 கி.மீ., 160 வாட் போதும். ‘இ’யில் 22க்கு 36. அதில் கியரைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை, எதையும் ஏறும்.

‘ஆ’வுக்கு என்ன செய்யணும்னா, பின்னால் 11-34 தட்டு போடுங்க. பழைய ரோட் ஆர்.டி. (செயினைத் தட்டு விட்டுத் தட்டு மாற்றும் பின் கருவி) 34 பல்லைத் தாங்காது. மேல் உருளை பெரிய தட்டில் உரசும், செயின் இழுபட்டு நிற்கும். ஷிமானோ 10 ஸ்பீட் ரோட் ஷிஃப்டரோடு (கைப்பிடியில் கியர் மாற்றும் நெம்பு) பழைய 9 ஸ்பீட் மௌண்டன் ஆர்.டி. சரியா வேலை செய்யும், கேபிள் இழுக்கும் அளவு இரண்டுக்கும் ஒன்றுதான். ஷிமானோவின் தியாகிரா 4700 ஷிஃப்டர் மட்டும் சேராது. ஆகவே முதலில் ஷிஃப்டரில் என்ன எண் போட்டிருக்குன்னு பாருங்க. ஆர்.டி. வாங்கும்போது நீளக் கூண்டு உள்ளதா கேட்டு வாங்குங்க. முன்னால் 16 பல் வித்தியாசம், பின்னால் 23 பல் வித்தியாசம், மொத்தம் 39. ஆர்.டி.யின் கொள்ளளவு, அதாவது அது சமாளிக்கும் பல் வித்தியாசம், அதற்கு மேல் இருக்கணும். செயினும் புதுசா, நீளம் சரிபார்த்துப் போடணும். பழைய செயினை அப்படியே மாட்டினால் முன்னால் பெரிய வட்டும் பின்னால் பெரிய தட்டும் சேர்ந்து விழும்போது ஆர்.டி. கிழிந்துடும்.

‘அ’வில் 11-34 தட்டு ஒன்று போட்டால் 0.82க்கு வந்துடும். முன்னால் உள்ள 28 பல் வட்டையும் மாற்ற ஆசைன்னா, அது போல்ட் போட்டதா, ரிவெட் அடித்ததான்னு திருப்பிப் பாருங்க. ரிவெட் அடித்திருந்தால் கிராங்கையே (பெடல் கையும் வட்டும் சேர்ந்த பகுதி) மாற்றணும், அந்தச் செலவு வேண்டாம்.

செம்பனைக்காடு:
நன்றி அண்ணே. ஷிஃப்டர் 10 ஸ்பீட் தான், 4700 இல்லை. செயின் தேய்ந்திருக்கான்னு எப்படிப் பார்ப்பது? செயின் அளக்கும் கருவி இல்லை.

பட்டறைக்காரன் தாப்பா:
சாதாரண இஞ்ச் ஸ்கேல் போதும். ஒரு முள்ளின் நடுவில் சுழியை வைத்து 24 கண்ணி எண்ணுங்க. புதுசுன்னா 12 இஞ்சில் 24ஆவது கண்ணியின் முள் நடு வரும். 1/16 இஞ்ச் தாண்டிவிட்டால் அரை விழுக்காடு நீண்டுடுச்சு. 10 தட்டு செயினை அதற்கு மேல் அதிகம் ஓட்டாமல் மாற்றுவது நல்லது. 8 தட்டு செயின் முக்கால் விழுக்காடு வரைக்கும் ஓடும். தட்டு புதுசுன்னா செயினும் புதுசா இருக்கணும். பழைய செயின் புதுத் தட்டின் பல்லைச் சீக்கிரம் தேய்த்துவிடும். தேய்ந்த தட்டில் புதுச் செயின் போட்டால் நழுவும், அதுவும் ஏற்றத்தில் எழுந்து நின்று மிதிக்கும்போதுதான் நழுவும்.

ரிங்லெட்டான்:
பாதை பற்றி ஒன்று சொல்லணும். நீங்க போட்ட திசை சரி, மாற்றாதீங்க. தாப்பா சாலை ஆங்கிலேயர் காலத்துச் சாலை. தாப்பாவிலிருந்து தானா ராத்தா ஏறக்குறைய 60 கி.மீ., ஏறுவது 1,400 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. சராசரி 2.3 விழுக்காடுதான். வளைந்து வளைந்து மெதுவாக ஏறும், நிழல் இருக்கும், லாத்தா இஸ்கண்டார் அருவிப் பக்கம் கடைகள் இருக்கும். ஆனால் குறுகிய சாலை, குருட்டு வளைவுகள், ஓரம் முழுக்கப் பாசியும் இலையும். இந்தச் சாலையில் ஏறலாம். நனைந்த நேரத்தில் பாரத்தோடு இறங்குவது ஆபத்து. லோஜிங் பக்கம் இறங்கும் சாலை அகலம். அதனால் குறுகிய சாலையில் ஏறி அகலமான சாலையில் இறங்கும் உங்க திட்டம்தான் புத்திசாலித்தனம்.

தாப்பாவில் விடிகாலையில் கிளம்புங்க. மேலே பிற்பகலில் மழையும் மூடுபனியும் இறங்கினால் எதிரே வரும் லோரிக்கு உங்களைத் தெரியாது. பின்விளக்கைப் பகலிலும் எரிய விடுங்க. சனி ஞாயிறும் பள்ளி விடுமுறையும் வேண்டவே வேண்டாம். பிரிஞ்சாங்கிலிருந்து கியா ஃபார்ம் வரை வண்டிகள் எறும்பு வரிசை. கியா ஃபார்ம் ஏற்றம் வேறு செங்குத்து. அங்கே நெரிசலில் நின்று நின்று பாரச் சைக்கிளைக் கிளப்புவது ரொம்ப சிரமம். செவ்வாய், புதன் மாதிரி நாளில் அந்தப் பகுதியைக் கடந்துடுங்க.

கம்போங் ராஜாவுக்குப் பிறகு குவா மூசாங் வரை கடைகள் மிகக் குறைவு, போன் அலையும் விட்டு விட்டுத்தான் வரும். கம்போங் ராஜாவிலேயே ஆளுக்கு 3 லிட்டர் தண்ணீர் நிரப்பிட்டு இறங்குங்க.

கூடாரவாசி:
மூன்று பேர்தானே, கூடாரம் கொண்டு போங்க. அறை வாடகை மிச்சம், நேரக் கட்டுப்பாடும் இல்லை. மூன்று பேருக்கு ஒரு கூடாரம், பாய், சின்ன அடுப்பு.

ரிங்லெட்டான்:
இந்தப் பாதைக்கு வேண்டாம் என்பேன். கூடாரம், பாய், அடுப்பு, பாத்திரம் எல்லாம் சேர்ந்து ஆளுக்கு மூன்று நான்கு கிலோவாவது கூடும். தாப்பா ஏற்றம் பாரத்தோடு ஏறக்குறைய ஐந்து மணி நேரம். 100 கிலோவுக்கு 4 கிலோ கூடினால் அதே உழைப்பில் பன்னிரண்டு நிமிடம் கூடுதல். நேரத்தைவிடப் பெரிய விஷயம், அந்த 4 கிலோவை இறக்கத்தில் பிரேக்தான் பிடிக்கணும்.

இடப் பிரச்சினையும் இருக்கு. வெட்டிய மலைச்சரிவின் அடியில், ஓடைக் கரையில் கூடாரம் போடக்கூடாது. 2022 டிசம்பர் 16 அன்று பத்தாங் காலியில் நள்ளிரவு கடந்து சரிந்த மண்ணில், முகாமில் தூங்கிக்கொண்டிருந்தவங்க புதைந்து 31 பேர் இறந்தாங்க. மழை நின்ற பிறகும் மண் ஊறிப்போய் இருக்கும், எப்போ சரியும்னு பார்த்துச் சொல்ல முடியாது. தானா ராத்தா, குவா மூசாங், ஜெலி, கெரிக் எல்லா ஊரிலும் மலிவான அறை கிடைக்கும்.

கூடாரவாசி:
சரிவு பற்றிய பேச்சு ஏற்கிறேன். சமவெளிப் பகுதியில், தாபோங் பக்கம் மாதிரி இடங்களில், பள்ளிவாசல் அல்லது கோயில் வளாகத்தில் கேட்டுத் தங்கலாம். அதற்குக் கூடாரம் தேவையில்லை, கொசுவலையும் மெல்லிய பாயும் போதும், ஒரு கிலோவுக்குள் அடங்கும்.

கெரிக் வழி:
மாதம் பற்றி யாரும் சொல்லலை. நவம்பரிலிருந்து ஜனவரி வரை வேண்டாம். வடகிழக்குப் பருவமழை கிளந்தானைத்தான் நேராக அடிக்கும். 2014 டிசம்பர் வெள்ளத்தில் தாபோங், கோலக்கிராய் பக்கமெல்லாம் மூழ்கியது. ஏப்ரல், மே, அக்டோபர் மாதங்களில் பேராக் பக்கம் பிற்பகல் இடிமழை அதிகம். பிப்ரவரி கடைசியோ, ஜூன் ஜூலையோ பாருங்க. எந்த மாதமா இருந்தாலும் மலைப்பகுதியில் இரண்டு மணிக்குள் அறைக்குப் போய்ச் சேருவது மாதிரி நாளைத் திட்டமிடணும்.

இப்போ கிழக்கு-மேற்கு நெடுஞ்சாலை. 1982இல் திறந்த சாலை, ஜெலியிலிருந்து கெரிக் வரை 100 கி.மீ.க்கு மேல். ஜெலியிலிருந்து வரும்போது பத்து மெலிந்தாங் தாண்டியதும் உண்மையான ஏற்றம் ஆரம்பம். தாப்பா சாலை மாதிரி மெதுவாக ஏறாது, நீளமான நேர்க்கோட்டு ஏற்றம், நிழல் குறைவு, அகலமான சாலை வெயிலை அப்படியே முகத்தில் திருப்பும். பட்டறை அண்ணன் சொன்ன கியர் கணக்கு தாப்பாவைவிட இங்கேதான் உதவும். உச்சியில் தித்திவங்சா ஓய்வுத் தளம் இருக்கு. அதற்குப் பிறகு இறக்கம்னு நினைக்காதீங்க. இறங்கி ஏறி, இறங்கி ஏறித்தான் தெமெங்கோர் ஏரி வரும். ஒரே நாளில் கெரிக் போய்ச் சேரணும்னு பிடிவாதம் வேண்டாம். பண்டிங் தீவில் தங்கிட்டு மறுநாள் கெரிக் போகலாம்.

இந்தச் சாலையில் யானை நடமாட்டம் உண்மை. அறிவிப்புப் பலகையை அலங்காரம்னு நினைக்காதீங்க. விடிந்து வெளிச்சம் நன்றாக வந்த பிறகு கிளம்பி, பொழுது சாயும் முன்னே தங்குமிடம் சேரணும். சாலையில் ஈரமான சாணமும் முறிந்த மூங்கிலும் கண்டால் வேகத்தைக் குறைத்து மூன்று பேரும் சேர்ந்தே போங்க. யானை தெரிந்தால் ஓரமாக முந்திப் போகலாம்னு நினைக்கவே கூடாது. மணி அடிக்காமல், விளக்கைக் காட்டாமல், சைக்கிளைத் திருப்பி நூறு மீட்டருக்கு மேல் பின்னால் போய் நில்லுங்க. ஒரு லோரியோ காரோ வரும்வரை காத்திருந்து அதன் மறைவில் கடங்க. வாழைப்பழத்தைப் பையின் வெளியே கட்டிக்கொண்டு போகாதீங்க.

செம்பனைக்காடு:
பிரேக் விஷயம்தான் கவலையாக இருக்கு. இரண்டு சைக்கிள் ரிம் பிரேக். டிஸ்க்குக்கு மாற முடியாது. தாங்குமா?

பட்டறைக்காரன் தாப்பா:
தாங்கும், பழக்கம் சரியா இருந்தால். 100 கிலோ 1,000 மீட்டர் இறங்கினால் வெளிவரும் சக்தி ஏறக்குறைய 980 கிலோஜூல், மூன்று லிட்டர் பச்சைத்தண்ணீரைக் கொதிக்க வைக்கும் அளவு. அதில் ஒரு பகுதியைக் காற்று தடுத்துவிடும், மிச்சமெல்லாம் ரிம்மிலோ டிஸ்க்கிலோ சூடாகத்தான் இறங்கும். பயந்து பயந்து முழு இறக்கத்துக்கும் பிரேக்கை லேசாகப் பிடித்துக்கொண்டே போனால் சூடு ஆற நேரமே இல்லை. ரிம் சூடேறினால் உள்ளே காற்றழுத்தம் கூடும், டியூப் வெடிக்கும், இல்லன்னா டயர் ரிம்மை விட்டுக் கழலும். டிஸ்க்கில் பேட் கண்ணாடி மாதிரி பளபளத்துப் பிடிக்காமல் போகும்.

முறை இதுதான். நேர்ச் சாலையில் பிரேக்கை விட்டுடுங்க, காற்று தடுக்கட்டும். வளைவுக்கு முன்னே, சைக்கிள் நிமிர்ந்து இருக்கும்போதே இரண்டு பிரேக்கையும் நன்றாக அழுத்தி வேகத்தைக் கொல்லுங்க. வளைவுக்குள் நுழையும்போது விரல் தளரணும். ஈரச் சாலையில் ரிம் பிரேக் முதல் இரண்டு மூன்று சுற்று தண்ணீரைத் துடைக்கத்தான் செய்யும், அப்புறம்தான் பிடிக்கும். அதனால் முன்கூட்டியே ஒரு தொடு தொட்டு ரிம்மைத் துடைத்து வைக்கணும். பத்துப் பதினைந்து நிமிட இறக்கத்துக்கு ஒரு தடவை நின்று, ரிம் பக்கத்தில் புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்க, தொடாதீங்க. அனல் அடித்தால் ஆறும்வரை நில்லுங்க.

கிளம்பும் முன்: ரிம்மின் பக்கச் சுவரில் தேய்மானம் காட்டும் பள்ளம் அல்லது புள்ளி இருக்கும், அது மறைந்திருந்தால் அந்த ரிம் வேண்டாம். புள்ளி இல்லாத ரிம்மில் ஸ்கேலின் விளிம்பை வைத்துப் பாருங்க, நடுவில் குழி விழுந்து வெளிச்சம் தெரிந்தால் மாற்றணும். பாரத்தோடு இறங்கும்போது தேய்ந்த சுவர் பிளந்துடும். நாலு பிரேக் கட்டையும் புதுசு போட்டு, ஒரு ஜோடி பையில். மழையில் ஓட்டிய நாள் இரவில் கட்டையைக் கழற்றி ஊசியால் கிளறுங்க. ரிம்மிலிருந்து வந்த அலுமினியத் துணுக்கு மின்னும், எடுத்துப் போடுங்க. விட்டால் மறுநாள் அது ரிம்மையே அறுக்கும்.

‘இ’க்கு: பேட் 1 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் மாற்று. ஷிமானோ டிஸ்க் புதுசில் 1.8 மில்லிமீட்டர், 1.5 வந்தால் கழற்றணும், அது டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும். சக்கரத்தைக் கழற்றியிருக்கும்போது லீவரை அழுத்தாதீங்க, பேட் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். ஷிமானோவுக்கு மினரல் ஆயில், வேறு சிலதுக்கு டாட் திரவம். மாற்றி ஊற்றினால் உள்ளே ரப்பர் ஊதிப் பிரேக்கே போயிடும்.

‘ஆ’ ஓட்டுபவர் எடை குறைவான ஆளா இருக்கட்டும். அதில் சீட்டுப் பை மட்டும், 5 கிலோ. மிச்ச சாமான் ‘அ’விலும் ‘இ’யிலும் பிரித்துப் போடுங்க. டயர் அதில் இடம் தரும் அளவுக்கு அகலமா போடுங்க.

உப்புக்கணக்கு:
சாப்பாடு, தண்ணீர் பக்கம் நான் சொல்றேன். நம்ம ஊர் வெயிலில் ஏறும்போது மணிக்கு ஒரு லிட்டர் வரை வியர்க்கும், சிலருக்கு அதற்கும் மேல். வெறும் தண்ணீரை மட்டும் லிட்டர் லிட்டராகக் குடித்தால் இரத்தத்தில் உப்பு நீர்த்து, தலைவலி, குமட்டல், தடுமாற்றம் வரும். அதை நீரிழப்புன்னு நினைத்து இன்னும் தண்ணீர் குடித்தால் ஆபத்து கூடும். ஒரு போத்தல் வெறும் தண்ணீர், ஒரு போத்தல் உப்புச்சர்க்கரைத் தண்ணீர்னு வைத்துக்கொள்ளுங்க. லிட்டருக்கு ஆறு தேக்கரண்டி சர்க்கரை, கால் முதல் அரைத் தேக்கரண்டி உப்பு, ஒரு எலுமிச்சை. தட்டையான தேக்கரண்டி, குவித்துப் போடக்கூடாது. பார்மசியில் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஆளுக்கு ஆறு வாங்கி வைங்க, அது வயிற்றுப்போக்கு வந்தாலும் உதவும்.

மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போகணும். பசித்த பிறகு சாப்பிட்டால் தாமதம். காலையில் நாசி லெமாக்கின் தேங்காய்ப்பாலும் பொரித்த நெத்திலியும் ஏற்றத்தில் வயிற்றில் அப்படியே நிற்கும். பசியாற இட்லி, தோசை, இல்லன்னா கடலை மாவு சேராத பலகாரம் எதாவது, கூடவே வாழைப்பழம். நாசி லெமாக்கை மேலே போய்ச் சேர்ந்து சாப்பிடுங்க.

ஓடைத் தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் குடிக்க வேண்டாம், எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம். காலில் சிராய்ப்போடு ஓடையில் இறங்கவும் வேண்டாம்.

ஒருவர் பேச்சு குழறி, நடை தடுமாறி, உடம்பு கொதித்தால் அது வெப்பத்தாக்கு. நிழலில் படுக்க வைத்து, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 999க்கு அழைங்க. வியர்க்குதா இல்லையான்னு பார்த்துக் காத்திருக்காதீங்க.

செம்பனைக்காடு:
அக்கா, நன்றி. அண்ணே, பஞ்சருக்கும் கம்பிக்கும் என்னென்ன எடுத்துக்கணும்?

பட்டறைக்காரன் தாப்பா:
லோரி ஓடும் சாலையில் பஞ்சர் பெரும்பாலும் ஆணியால் வராது. வெடித்த லோரி டயரிலிருந்து உதிர்ந்த மயிரிழைக் கம்பியால் வரும். அது டயரின் உள்ளே அரை மில்லிமீட்டர்தான் நீட்டிக்கொண்டிருக்கும், விரலால் தடவினால் சில நேரம் தெரியாது. ஒரு பஞ்சை டயருக்குள் சுற்றி இழுங்க, நார் சிக்கும் இடத்தில் கம்பி இருக்கு. முடி பிடுங்கும் இடுக்கியால்தான் அது வெளியே வரும், ஆகவே இடுக்கி ஒன்று பையில் கட்டாயம். கம்பியை எடுக்காமல் டியூப் மட்டும் மாற்றினால் அடுத்த கிலோமீட்டரில் மறுபடியும் காற்று இறங்கும்.

ஆளுக்கு இரண்டு டியூப். மழையில் ஒட்டுப் போடாதீங்க, பசை பிடிக்காது; டியூப் மாற்றிட்டு இரவு அறையில் ஒட்டுங்க. உரசித் தேய்த்து, மெல்லியதாகப் பசை தடவி, பளபளப்பு போகும்வரை ஐந்து நிமிடம் காய விட்டு, பிறகு ஒட்டு. ‘ஆ’வில் பிரெஸ்டா வால்வுன்னா (ஒல்லியான வகை) பெட்ரோல் நிலையக் காற்றுக்குழாய் சேராது, சின்னப் பித்தளை மாற்றி ஒன்று வாங்கி வால்விலேயே திருகி வைங்க. டயர் கிழிந்தால் உள்ளே வைக்க, பழைய டயரில் ஐந்து சென்டிமீட்டர் துண்டு வெட்டி வைங்க. 700x38க்கு, 100 கிலோவுக்குப் பின்னால் 55 பிஎஸ்ஐ, முன்னால் 45 போதும். கல்லு மாதிரி அடித்தால் ஈர வளைவில் வழுக்கும்.

கம்பி உடைவது பாரத்தால்னு எல்லாரும் சொல்வாங்க. உண்மையில் தளர்வுதான் காரணம். சக்கரம் சுற்றும் ஒவ்வொரு தடவையும் அடியில் வரும் கம்பி தளர்ந்து மறுபடி இறுகும். ஏற்கெனவே தொளதொளன்னு இருந்தால் வளைந்த கழுத்தில் ஆடி ஆடி, ஒரு நாள் அங்கேயே முறியும். பின்சக்கரத்தை நல்ல பட்டறையில் கொடுத்து இறுக்கம் சமமாக்கச் சொல்லுங்க. நீங்களே சோதிக்க, கம்பியை விரலால் மீட்டுங்க. ஒரே பக்கத்துக் கம்பிகள் ஏறக்குறைய ஒரே சுரத்தில் ஒலிக்கணும். ஒன்று மட்டும் மந்தமா ஒலித்தால் அதுதான் அடுத்து உடையப் போவது.

ஒவ்வொரு சக்கரத்துக்கும் அளவு பார்த்து வாங்கிய இரண்டு கம்பி, ஃபிரேமில் டேப் சுற்றி ஒட்டி வைங்க. செயின் பக்கக் கம்பியை மாற்றத் தட்டைக் கழற்றணும், சாலையில் அது நடக்காது. அதற்காகக் கெவ்லார் நூலில் செய்த அவசரக் கம்பி ஒன்று. அது தட்டைக் கழற்றாமலே கோர்க்கலாம். அதுவும் இல்லன்னா உடைந்த கம்பியை எடுத்துட்டு, அதன் இரு பக்கத்துக் கம்பிகளையும் அரைத் திருகு தளர்த்தி, சக்கரம் பிரேக்கில் உரசாத அளவுக்குக் கொண்டுவந்து மெதுவாக ஊருக்குப் போய்ச் சேருங்க.

கூடாரவாசி:
கேரியர் போல்ட்டைச் சொல்ல மறக்காதீங்க.

பட்டறைக்காரன் தாப்பா:
ஆமாம். கேரியர் எம்5 (5 மில்லிமீட்டர்) போல்ட் எல்லாவற்றிலும் நீல லாக்டைட் (போல்ட் தளராமல் பிடிக்கும் பசை) ஒரு சொட்டு. தினமும் காலையில் சாவி வைத்து ஒரு தொடு தொட்டுப் பாருங்க. அதிலேயே உடையும் போல்ட் பெரும்பாலும் அடிப்பகுதிப் போல்ட், பாரத்தில் பெரும்பகுதி அதில்தான் இறங்கும். இரண்டு உபரி போல்ட் வேறு எங்கும் தேட வேண்டாம், தண்ணீர்ப் போத்தல் கூண்டுத் துளை எம்5தான், சும்மா இருக்கும் துளையில் திருகி வைங்க. பையில் கனமானது அடியில், கேரியரின் முன்பக்கமாக. குதிகால் பையில் இடிக்குதான்னு பெடலைச் சுற்றிப் பார்த்து மாட்டுங்க.

செம்பனைக்காடு:
பயிற்சிக்கு? பீடோர் சுற்றி எல்லாம் சமதரை.

ரிங்லெட்டான்:
எட்டுப் பத்து வாரம் ஒதுக்குங்க. வாரத்தில் இரண்டு நாள் ஒரு மணி நேரம் சமதரையில், நிமிடத்துக்கு 80 சுற்று மிதித்துப் பழகுங்க. ஞாயிறு விடிகாலை தாப்பாவிலிருந்து லாத்தா இஸ்கண்டார் வரை ஏறித் திரும்புங்க. கடைசி நான்கு வாரம் பையில் தண்ணீர்ப் போத்தல் 10 கிலோ. முதலில் மேலே போனதும் தண்ணீரைக் கொட்டிட்டு இறங்குங்க, பிறகு ஒரு வாரம் அதே பாரத்தோடு இறங்கி பிரேக் பழகுங்க. பயணத்துக்கு முன் இரண்டு நாள் தொடர்ந்து ஓட்டிப் பாருங்க. முதல் நாள் எல்லாரும் ஓட்டுவாங்க. இரண்டாம் நாள் காலையில்தான் சீட் உயரம் சரியா, கால்சட்டை உரசுதான்னு தெரியும். முழங்கால் முன்பக்கம் வலித்தால் பெரும்பாலும் சீட் தாழ்வு, அல்லது கியர் பெரிது. சீட்டை ஐந்து மில்லிமீட்டர் உயர்த்தி இரண்டு நாள் பாருங்க, ஒரேயடியாக ஏற்றாதீங்க.

செம்பனைக்காடு:
புரியுது. ஜூன் மாதம், வாரநாளில் தாப்பா ஏறுவது மாதிரி நாள் குறிக்கிறோம். கூடாரம் இல்லை. ‘ஆ’வுக்குத் தட்டும் ஆர்.டி.யும் இந்த மாதச் சம்பளத்தில் வாங்கிடுவோம். மாட்டிய பிறகு கடைசியாக எதைச் சோதிக்கணும்?

பட்டறைக்காரன் தாப்பா:
ஆர்.டி. மாட்டும் ஹாங்கர் வளைந்திருக்கான்னு பட்டறையில் அளந்து பார்க்கச் சொல்லுங்க. அது ஃபிரேமுக்கு ஃபிரேம் வேறுபடும், ஜெலியிலோ கெரிக்கிலோ தேடினால் கிடைக்காது, மூன்று சைக்கிளுக்கும் ஒவ்வொன்று முன்பே வாங்கி வைங்க. பிறகு சைக்கிளைத் தூக்கிப் பிடித்து ஆகச் சின்ன கியருக்குக் கொண்டுபோய், ஆர்.டி.யைக் கையால் கம்பி பக்கம் தள்ளிப் பாருங்க. கம்பியைத் தொட்டால் எல் திருகை (ஆர்.டி. கம்பி பக்கம் எவ்வளவு போகலாம்னு கட்டுப்படுத்தும், ‘L’ எழுத்துள்ள திருகு) உள்ளே திருகணும். அதை முடித்துட்டு, முழுப் பாரமும் ஏற்றி, மேட்டில் ஒரு தடவை அதே கியரில் மிதித்துப் பாருங்க. பாரத்தில் ஃபிரேம் நெளியும்போது மட்டும் தொடுவதும் உண்டு. டிக்-டிக்னு சத்தம் வந்தால் இன்னும் கால் திருகு.